ஞாயிறும் திறந்திருக்கும்

புந்தா அரேனாஸில் காற்றுக்கு வேறு வேலை இல்லை.
சரளையைப் பொறுக்கி
லாரிகளின் முகத்தில் எறிகிறது.
அதனால் எங்களுக்கு வேலை இருக்கிறது:
முன்கண்ணாடி மாற்றுவோம், விரிசல் அடைப்போம்,
நானும் என் தங்கை புருஷன் யெர்கோவும்.

செப்டம்பரில் வலைத்தளத்துக்கு ஆண்டுக் கட்டணச் சீட்டு வந்தது.
இருபத்தெட்டாயிரம் பெசோ.
"இதை எவன் பார்க்கிறான், நெலிதா?"
நானே பார்த்து இரண்டு வருஷம் இருக்கும்.
ஒரே பக்கம். நீலப் பின்னணி.
தெருவின் பெயர், தொலைபேசி எண்,
ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் வேனின் படம்.
அந்த வேனை விற்றாயிற்று.

அவன் கைப்பேசியிலோ தினமும் திருவிழா.
உடைந்த கண்ணாடி சலசலவென்று உதிரும் பதினைந்து நொடி,
அதை மெதுவாக ஓடவிட்டுப் பின்னால் கும்பியா தாளம்.
நாற்பத்தோராயிரம் இதயங்கள்!
சுராபாயாவில் ஒருத்தி
'இதைப் பார்த்தால்தான் தூக்கம் வருகிறது' என்று எழுதினாள்.
லாகோஸில் ஒருவனுக்கு
யெர்கோவின் கையுறை என்ன கம்பெனி என்று தெரிய வேண்டும்.
ஊரெல்லாம் உறவு.
ஒரு கார் வரவில்லை.

பொய் சொல்லக் கூடாது, மூன்று வந்தன.
ஒன்று அவனோடு பந்து விளையாடுகிறவனுடையது.
காசு இன்னும் வரவில்லை.

ஆனாலும் சிலிக்கோன் பெட்டியின் பின்புறத்தில்
கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.
சும்மா கிடைக்கும் மூன்று கார்,
பணம் கட்டியும் யாரும் பார்க்காத ஒரு பக்கம்.
சரி, நிறுத்திவிடலாம் என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை கணக்கைப் பூட்டிவிட்டார்கள்.
உடைந்த கண்ணாடி
வன்முறைக் காட்சியாம்.
முறையிட ஒரு பொத்தான் இருந்தது.
அழுத்தினோம்.
பொத்தான் நன்றி சொன்னது.

யெர்கோ சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி
டயர் மேல் உட்கார்ந்திருந்தான்.
அப்பவே சொன்னேனே என்று சொல்ல வாய் வந்தது,
நான் எப்பவும் சொல்லவே இல்லை என்பதும்
கூடவே ஞாபகம் வந்தது.

ஞாயிறு, மாடியில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன்.
அழைப்பு மணி.
தலையில் பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தால்
போர்வெனிரிலிருந்து ஒருத்தி,
நீரிணையைப் படகில் கடந்து வந்திருக்கிறாள்.
கண்ணாடியில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் விரிசல்,
மேலே பழுப்பு டேப்.
பின்சீட்டில் இரண்டு ஆட்டு நாய்கள்.

"இன்றைக்கு விடுமுறை" என்றேன்.
கைப்பேசியைக் காட்டினாள்.
என் நீலப் பக்கம்.
படகுத் துறையில் ஒற்றைக் கோடு சிக்னல்,
மற்றதெல்லாம் சுற்றிக்கொண்டே இருந்ததாம்,
இது மட்டும் திறந்ததாம்.
அடியில், வேனின் சக்கரத்துக்குக் கீழே:
ஞாயிறும் திறந்திருக்கும்.

யார் எழுதியது?
நான்தான். முதல் வருஷம்.
அப்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் நிறைய இருந்தன.

யெர்கோவைக் கூப்பிட்டேன். கண்ணாடி பொருத்தினோம்.
பசை பிடிக்கும்வரை ரொட்டி தின்றோம்.
நாய்களும் தின்றன.
தலையைக் கழுவ மறந்து
காதெல்லாம் செம்பு நிறம் எனக்கு.
"உங்களுக்குப் பக்கம் இருக்கிறதா, பின்தொடர்வேனே?"
என்று கேட்டாள் அவள்.
யெர்கோ சுவரைப் பார்த்தான்.

இருபத்தெட்டாயிரம் கட்டிவிட்டேன்.
அவன் புதுக் கணக்கு தொடங்கிவிட்டான்,
உடையாத கண்ணாடி மட்டும் காட்டுகிறான்.
பதினொரு பேர் பார்க்கிறார்கள்.

அந்த வரியை அழிக்க முடியவில்லை.
தளம் செய்த பையன் பஸ்தியான் புவெர்த்தோ மோந்த் போய்விட்டான்,
கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது,
அவன் எண்ணில் இப்போது ஒரு பல் மருத்துவர் பேசுகிறார்.

ஆகவே ஞாயிறு பத்து மணிக்கு
ஷட்டரைத் தூக்குகிறேன்.
எழுதிவைத்ததற்குக் கட்டுப்பட்டு
ஒரு மணி வரை.
பெரும்பாலும் யாரும் வருவதில்லை.
காற்று வருகிறது,
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு
வேலையைத் தேடிச் சாலைக்குப் போகிறது.